விலைப்பட்டியலுக்குப் பதில் '1' வருவது ஏன்?

கேள்வி: மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கடை வைத்திருக்கும் உறவினருக்காக, மல்லிகை, பிச்சி, முல்லை, கனகாம்பரம் ஆகியவற்றின் அன்றைய விலையை அட்டவணையாகக் காட்டும் பிஎச்பி (இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழி) கோப்பு ஒன்றை எழுதியிருக்கிறேன். இணையப் பக்கத்தில் அதை இன்க்ளூட் செய்தால் (அதாவது, அந்தப் பக்கத்தின் நிரலுக்குள் சேர்த்து ஓடவிட்டால்) சரியாகத் தெரிகிறது. மின்னஞ்சலிலும் அனுப்புவதற்காக, இன்க்ளூட் தருவதை $பட்டியல் என்ற மாறியில் வைத்தேன். அட்டவணை திரையில் வந்துவிட்டது. மின்னஞ்சலில் 1 என்ற எண் மட்டுமே போயிற்று. என்ன செய்வது?
— வாசகர், மேலூர்

பதில்: கோப்பு அச்சிடுவது வேறு, இன்க்ளூட் திருப்பித் தரும் மதிப்பு வேறு. கோப்பில் 'ரிட்டர்ன்' கூற்று இருந்தால் அதன் மதிப்பு உங்கள் மாறிக்கு வரும். இல்லையெனில், கோப்பு நல்லபடியாக ஓடியது என்பதற்கு அடையாளமாக 1 வரும். 'எக்கோ' கட்டளையால் அச்சிடப்பட்டவை எல்லாம் மாறியின் பக்கம் வராமல் நேரே உலாவிக்குச் சென்றுவிடுகின்றன.

அவ்வாறு செல்வதை இடையிலேயே தேக்கிவைக்க பிஎச்பியில் வெளியீட்டு இடையகம் உண்டு. முதலில் 'ஓபி_ஸ்டார்ட்' செயற்கூற்றை (ஃபங்ஷன்) அழைத்து, பிறகு கோப்பை இன்க்ளூட் செய்து, அதன்பின் 'ஓபி_கெட்_க்ளீன்' திருப்பித் தருவதை $பட்டியல் மாறியில் வையுங்கள். இது தேங்கிய உரையை உங்களிடம் தந்துவிட்டு இடையகத்தையும் மூடிவிடும். 'ஓபி_கெட்_கன்டென்ட்ஸ்' உரையைத் தருமே தவிர மூடாது; ஆகவே நிரல் முடியும்போது அதே அட்டவணை பக்கத்திலும் வந்து விழும்.

இம்மூன்று வரிகளையும் தனிச் செயற்கூறு ஒன்றுக்குள் எழுதுவதே நல்லது. இன்க்ளூட் செய்யப்படும் கோப்பு, அந்த வரி அமைந்துள்ள இடத்தின் மாறிகளையே பயன்படுத்துவதால், வெளியே $விலை என்ற மாறி ஏற்கெனவே இருந்தால் சத்தமில்லாமல் அதன் மதிப்பு மாறிவிடக்கூடும். செயற்கூறுக்குள் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கோப்புக்கு வேண்டிய தரவுகளை உள்ளீடாக நீங்களே தரவேண்டும். தரவுத்தளத்தில் பிழை நேர்ந்து கோப்பு பாதியில் நின்றால், மூடப்படாத இடையகத்திலிருந்து அரைகுறை அட்டவணை திரைக்கு வந்துவிடும் என்பதால், பிழையைப் பிடிக்கும் 'கேட்ச்' பகுதியில், தேங்கியதை அழித்து இடையகத்தை மூடும் 'ஓபி_எண்ட்_க்ளீன்' செயற்கூற்றை அழைத்துவிட்டு, பிழையை மீண்டும் மேலே எறியுங்கள்.

'ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ்' போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கோப்பின் பெயரை அதற்குக் கொடுத்தால் நிரல் ஓடாது. மூல வரிகளே உரையாக வரும். தரவுத்தளக் கடவுச்சொல்லை அக்கோப்பிலேயே எழுதியிருந்தால், அதுவும் பூ வியாபாரிகள் அனைவருக்கும் போய்ச்சேரும்!

கோப்பு உங்களுடையதுதான் என்பதால், அட்டவணையை எக்கோ செய்யாமல் உரையாகவே திருப்பித் தரும் செயற்கூறாக அதை மாற்றி எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். எச்டிஎம்எல்லும் நிரலும் பின்னிக் கிடந்து பிரித்தெழுதுவது கடினமென்றால், இடையகமே போதும். எந்த வழியானாலும், மின்னஞ்சலின் தலைப்பகுதியில் (ஹெடர்) உள்ளடக்க வகையை 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் பெறுபவருக்கு அட்டவணைக்குப் பதிலாக எச்டிஎம்எல் குறிகளே தெரியும்.