ஐந்தாம் நாளில் விடைபெற்ற சாம்பியனும் பாலக்கோட்டு மாணவனும்

வணக்கம் ஐயா,

பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலிடம் பெற்ற மகன், இனி அங்கே படிக்கமாட்டேன், பாலிடெக்னிக்கில்தான் சேருவேன் என்கிறான் என்றும், கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்த பள்ளிக்கு இது துரோகமில்லையா என்று தாளாளர் கேட்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் இதில் தடுமாறுவது பையன் அல்ல, பெரியவர்கள்தான்.

அவன் எடுத்துக்காட்டும் நிக்கோ ரோஸ்பெர்க், 2016 நவம்பர் 27 அன்று அபுதாபியில் லூயிஸ் ஹாமில்டனை 5 புள்ளிகளில் பின்தள்ளி ஃபார்முலா 1 கார் பந்தய உலகப் பட்டத்தைப் பெற்று, டிசம்பர் 2 அன்றே ஓய்வை அறிவித்தவர். மெர்சிடிஸ் அணியுடன் அவருக்கு 2018 வரை ஒப்பந்தம் இருந்தது. அணி தவித்தது உண்மைதான்; ஆனால் அது வில்லியம்ஸ் அணியின் வால்ட்டேரி போட்டாஸை அழைத்துக்கொண்டது, வில்லியம்ஸோ விடைபெற்றுவிட்ட ஃபிலிப்பி மாஸாவைத் திரும்பக் கூப்பிட்டது. ஓட்டுநரிடம் விசுவாசம் எதிர்பார்க்கும் அணிகள், தமக்குத் தேவை வந்தால் இன்னோர் அணியின் கதவைத் தட்டத் தயங்குவதில்லை. உங்கள் பள்ளி தந்த சலுகையும் அத்தகையதே: முதல் மதிப்பெண்ணும் விளம்பரப் பலகையில் படமும் அதற்குக் கிடைத்துவிட்டன. பதினொன்றாம் வகுப்புக்கு நீங்கள் எழுதிக்கொடுத்தது எதுவுமில்லை. மாற்றுச் சான்றிதழைத் தயங்காமல் கேளுங்கள். கட்டணப் பாக்கிக்காகக்கூட அதை நிறுத்திவைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் கூறியிருக்கிறது.

நீட் பயிற்சியைப் பற்றி உங்கள் மைத்துனர் போதுமான அளவு பேசியிருப்பார், அதை விடுகிறேன். கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்கைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மூன்றாண்டு இயந்திரவியல் பட்டயப் படிப்பு அது. பொறியியல் வரைபடம் போடுவது, லேத்தில் உருளையைக் கடைவது, வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வைத்து அளப்பது, எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது எனப் பட்டறையில் கையும் மூளையும் சேர்ந்து பழகும். முடித்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே நேரடியாகச் சேரலாம். பர்கூரிலும் செட்டிக்கரையிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. வேலைக்குப் போக நினைத்தால், தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரும் பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள டிவிஎஸ் நிறுவனம் 1982 முதலே பந்தய அணி ஒன்றை நடத்திவருகிறது என்பது பையனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். பந்தயம் பார்க்கிற பிள்ளைகள் எல்லோரும் ஓட்டுநராக ஆசைப்படுவதில்லை. இவன் ஓட்டுநரின் பெயரைவிட டயர் மாற்றும் உத்தியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

செலவைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். அவன் தனியார் பள்ளியில் படித்ததால், அரசுப் பள்ளி மாணவர்களின் உயர்கல்விக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் ரூ.1,000 கிடைக்காது. ஆனாலும் அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்கள் தக்காளி மண்டி வரவிலேயே அடங்கிவிடும். விடுதியோடு கூடிய நீட் பயிற்சிக்காக நிலத்தை அடமானம் வைக்க நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன், அதிலும் உயிரியல் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லும் பிள்ளைக்காக.

இந்த வாரமே அவனை அழைத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போய்ப் பட்டறையை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். மைத்துனரை அழைத்துப்போக வேண்டாம்.