நாயின் வாய்ப் புற்றுநோய் அறிக்கையில் வரும் கேஐ-67 எதைச் சொல்கிறது?

ஈறில் இருந்த கறுப்புக் கட்டியை வெட்டி பயாப்ஸிக்கு அனுப்பியதில் 'மெலனோமா (நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய்), கேஐ-67 அதிகம்' என்று வந்திருக்கிறது, இந்தப் புரதம்தான் நோயை உண்டாக்கியதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. கேஐ-67 ஆரோக்கியமான செல்லிலும் உண்டு. செல் பெருகத் தயாராகும்போது உட்கருவில் தலைகாட்டும். ஓய்வுக்குப் போனதும் மறைந்துவிடும். செல் பிரியும் நேரத்தில் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. அதாவது, கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம். அவ்வளவுதான்.

பரிசோதனையில் இந்தப் புரதம் உள்ள உட்கருக்களை மட்டும் நிறமேற்றி, நுண்ணோக்கியில் ஒரு கட்டத்துக்குள் எத்தனை தெரிகின்றன என்று எண்ணுவார்கள். வாய் மெலனோமாவில் ஒரு கட்டத்துக்குச் சராசரி 19.5 அல்லது அதற்கு மேல் போனால் ஆபத்து அதிகம் என்று கொள்வது வழக்கம். இதில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான சாயம் பழுப்பு நிறம், கட்டிக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியும் பழுப்புதான். இரண்டும் குழம்பாமல் இருக்க சிவப்புச் சாயம் போடுவார்கள், அல்லது மெலனினை முதலில் வெளுக்க வைப்பார்கள். உங்கள் அறிக்கையில் அப்படிச் செய்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

சரி, எண் அதிகம் என்றால் நம்பிக்கை போய்விட்டதா? அப்படி முடிவு கட்டாதீர்கள், தயவுசெய்து. கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்ததா, வெட்டிய விளிம்பில் புற்றுசெல் மிச்சம் இருக்கிறதா என்பவையும் அதே அளவுக்கு முக்கியம். தாடைக்குக் கீழுள்ள நிணநீர் முடிச்சையும் நுரையீரலையும், நோய் அங்கே பரவியிருக்கிறதா என்று, இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.