கட்டைப்பையில் போய் வந்த நோட்டுகள்

வணக்கம் சார். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, 41 பிள்ளைகள். தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் என் தலையில். காலை உணவு, போனில் வருகைப்பதிவு, எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் விவரம் ஏற்றுவது, 'எண்ணும் எழுத்தும்' திட்டத்து மதிப்பீடு, இதெல்லாம் போக மிச்ச நேரத்தில்தான் பாடம். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் 'மிக அவசரம்' என்று வருகிறது. போன வாரம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடி வந்து, "டீச்சர், எங்க ஆடு ராத்திரி..." என்று ஆரம்பித்தான். போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "அப்புறம் சொல்லுடா, போ" என்று கத்திவிட்டேன். அவன் அப்புறம் சொல்லவே இல்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். நேர மேலாண்மைக்கு நல்ல புத்தகமாக ஒன்று சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

அன்புள்ள டீச்சர்,

புத்தகம் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் எழுதுகிறவர்கள் தங்கள் நாளைத் தாங்களே போட்டுக்கொள்ளும் வசதி உள்ளவர்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள் என்பார்கள், நீங்கள் நாலரைக்கே எழுந்து குழம்பைக் கூட்டி வைத்திருப்பீர்கள்.

நான் உயர்நிலைப் பள்ளியில் 28 வருடம் தமிழ் நடத்தியவன். என் பாரம் கட்டுரை நோட்டு. ஒரு வகுப்புக்கு 45 நோட்டு, ஒன்றுக்கு நாலு நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டைப்பையில் அடுக்கி பஸ்ஸில் ஏற்றுவேன், திங்கள்கிழமை காலை அப்படியே திரும்பக் கொண்டுபோவேன். நடுவில் இரண்டு நாள் திருத்தவும் இல்லை, நிம்மதியாக உட்காரவும் இல்லை. இப்படிப் பல வருடம். "திருத்தாத நோட்டுக்கு எதுக்குங்க வாராவாரம் சவாரி?" என்று என் மனைவி கேட்ட பிறகுதான் விட்டேன். அப்புறம் தினம் ஒன்பது நோட்டு, வகுப்பிலேயே, எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து. றகரம் எங்கே வரும் என்று அந்த இடத்திலேயே சொன்னது, சிவப்பு மையில் நான் போட்ட ஆயிரம் சுழியைவிட நன்றாக ஏறியது. உங்களுக்குப் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒரு குழு நோட்டு போதும். வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சரி, இது என் கையில் இருந்த நேரம். உங்கள் கடிதத்தில் பாதி, உங்கள் கையில் இல்லாத நேரம். அதைச் சேர்த்து உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள், அதுதான் எனக்கு உறுத்தியது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 45 மணி நேரம் என்று இருக்கிறது, பாடத் தயாரிப்பும் சேர்த்து. பள்ளியில் ஏழு மணி நேரம் என்றால் ஐந்து நாளைக்கு 35. அந்தக் கணக்குப்படி மிச்சம் பத்து மணி நேரம் தயாரிப்புக்கு. அதைப் போன் தின்கிறது. அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பதிவேற்றமும் பள்ளி வேலைதானே என்று சொல்லிவிட்டால் வாயடைத்துப் போகும், தெரியும். ஆனாலும் அந்தப் பத்து மணி நேரம் காணாமல் போனது உங்கள் சோம்பேறித்தனத்தால் இல்லை.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீங்கள் இரண்டே பேர். ராத்திரிச் செய்தியை முறை வைத்துப் பாருங்கள், ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நீங்கள். முறை இல்லாதவர் எட்டு மணிக்குப் போனை அடுக்களைப் பக்கம் வைத்துவிடலாம். ராத்திரி பத்து மணிக்கு வந்த 'மிக அவசரம்' எதுவும் காலை ஏழு மணிக்குப் பதில் போட்டதால் கெட்டுப்போய் நான் பார்த்ததில்லை. தலைமையாசிரியர் ஒத்துக்கொள்ளாவிட்டால் இது நடக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஆசிரியைகள் பலர் கழிப்பறைக்குப் பயந்து சாயங்காலம் வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மூன்று மணிக்குத் தலைவலி, தொண்டைக் கட்டு, எரிச்சல், கடைசிப் பாடவேளையில் எந்தப் பிள்ளை எதிரில் வந்தாலும் அதற்கு அடி. அதையெல்லாம் மன அழுத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். உங்கள் பள்ளியிலும் அப்படியென்றால் முதலில் சண்டை போட வேண்டியது கழிப்பறைக்கும் தாழ்ப்பாளுக்கும்தான்.

தற்செயல் விடுப்பு வருடத்துக்கு 12 நாள். நீங்கள் எடுத்தால் அவர் தனியாக மாட்டிக்கொள்வார் என்று எடுக்காமல் இருப்பீர்கள், அவரும் அப்படித்தான் இருப்பார். மாசத்துக்கு ஒன்று, முன்கூட்டியே தேதி பேசி ஆளுக்கு ஒரு நாள் எடுங்கள். அன்றைக்குத் துணி ஊறவைக்க வேண்டாம்.

அப்புறம் அந்தப் பையன். அவனுக்கு உங்கள் மேல் கோபம் இருக்காது, ஆனால் தானாக வந்து மறுபடி சொல்லவும் மாட்டான். திங்கள்கிழமை நீங்களே கேளுங்கள். ஆடு குட்டி போட்டதா, நாய் கடித்ததா, இல்லை காணாமல் போய்த் திரும்பி வந்ததா? எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், கடிதம் படித்ததிலிருந்து அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.