ஹாலெப் மாதிரி ஆகணும் என்கிற மகளுக்கு

டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப்பைப் பார்த்துவிட்டு, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு முழுநேரமும் டென்னிஸ் என்று மகள் அடம்பிடிக்கிறாள், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பை நிறுத்த வேண்டாம். திறந்தநிலைப் பள்ளியில் சேர்த்தால் தேர்வுகளைப் பிரித்து எழுதலாம், டென்னிஸும் கெடாது.

ஹாலெப்பின் கோப்பைகளைவிட அவருடைய காலக்கணக்கு உங்களுக்கு உதவும். ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சாவில் நாலு வயதில் மட்டை பிடித்தவர், 16 வயதில் பயிற்சிக்காக புக்கரெஸ்ட் போனார். 2008-ல் பிரெஞ்சு ஓபன் ஜூனியர் பட்டம். பெரியவர்களுக்கான டபிள்யூடிஏ (பெண்கள் டென்னிஸ் சங்கம்) போட்டிகளில் முதல் பட்டமோ 2013 ஜூனில்தான். டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாமில் ஒன்று கைக்கு வந்தது 2018-ல், அதுவும் மூன்று கிராண்ட்ஸ்லாம் இறுதிப்போட்டிகளில் தோற்ற பிறகு. 2017 பிரெஞ்சு ஓபன் இறுதியில் ஒரு செட்டை வென்று, அடுத்ததில் 3-0 என்று முன்னிலையில் இருந்தும் லாட்வியாவின் ஒஸ்டபென்கோவிடம் கோட்டைவிட்டார். ஜூனியர் சாம்பியனுக்கே முதல் பட்டத்துக்கு ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷச் செலவுக்கு யார் பணம் போடுவது? முதலில் இதை உட்கார்ந்து பேசுங்கள்.

தொழில்முறை ஆட்டத்தின் கீழ்ப்படி 15,000 டாலர் போட்டி. அது மொத்தப் பரிசுத்தொகை. பட்டம் வெல்பவருக்கே இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர்தான். முதல் சுற்றில் தோற்றால் பயணச் செலவுகூடத் தேறாது. 14 வயதுக்கு முன் அதில் ஆடவும் முடியாது. 18 வரை வருஷத்துக்கு இத்தனை போட்டி என்ற வரம்பும் உண்டு. ஆகவே இப்போதைக்கு ஜூனியர் தரவரிசைதான் இலக்கு.

பெயர் வந்தால் ஸ்பான்சர் வந்துவிடுவார் என்று கடன் வாங்காதீர்கள். 2018 ஜனவரியில் ஹாலெப் உலகின் நம்பர் ஒன். ரசிகர்கள் வாக்களித்து 2014, 2015 இரண்டு வருஷமும் மிகப் பிரபலமான வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். அப்படியிருந்தும் அந்த மாதம் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓபனில் உடை ஸ்பான்சர் இல்லாமல், இணையத்தில் ஆர்டர் செய்த சிவப்பு உடையில் இறுதிப்போட்டிவரை ஆடினார்.

பெற்றோர் அசட்டையாக விடும் விஷயம் ஒன்று உண்டு: புரதப் பொடி. 2022 யுஎஸ் ஓபனில் ஹாலெப்பின் சிறுநீர் மாதிரியில் ராக்ஸாடுஸ்டாட் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. கலப்படமான ஊட்டச்சத்துப் பொடியே காரணம் என்பது அவர் வாதம். நான்கு வருஷத் தடையை விளையாட்டு நடுவர் மன்றம் 2024 மார்ச்சில் ஒன்பது மாதமாகக் குறைத்தது. ஆனால் அதற்குள் ஒன்றரை வருஷம் ஆடாமலே போயிருந்தது. 2025 பிப்ரவரியில், 33 வயதில், க்ளூஜ் நகரில் தோற்ற கையோடு ஓய்வை அறிவித்தார். உடலில் என்ன இருந்தாலும் பொறுப்பு ஆடுபவருடையதே, கடைக்காரருடையது அல்ல. தயாரிப்புத் தொகுதி (batch) வாரியாகச் சோதித்த முத்திரை இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். ரசீதையும் தொகுதி எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். சிக்கல் வந்தால் சோதித்துக் காட்ட, அதே தொகுதியில் இன்னொரு டப்பாவைப் பிரிக்காமல் வைத்திருங்கள். ஊக்கமருந்துப் பரிசோதனைப் படிவத்தில் இருமல் மருந்து உட்பட எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள்.

அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை மனதில் இருந்தால், பரிசுப் பணம் வாங்குவதற்கு முன்பே அங்குள்ள தகுதி விதிகளைப் படித்துவிடுங்கள். பள்ளி முடித்துத் தாமதமாகச் சேர்ந்தால் ஆடும் வருஷங்கள் குறையலாம். கல்லூரியா, தொழில்முறை ஆட்டமா என்ற முடிவை அவள் பத்தாம் வகுப்பு முடிக்கும்போது எடுத்தால் போதும்.