கல்லூரி கால்பந்து அணி 8 ஆட்டத்தில் 6 தோற்றுவிட்டது, கோச்சை மாற்றினால் சரியாகுமா?

களியக்காவிளைப் பக்கத்துக் கல்லூரி என்கிறீர்கள். 6 தோல்வியில் 4 கடைசிக் கால் மணி நேரத்தில் வாங்கிய கோலால் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் பையன்களில் பாதிப் பேர் சனி, ஞாயிறு பொழியூர், பூவாறு பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடுகிறவர்களாகத்தான் இருக்கும். கோச்சை மாற்றி ஒன்றும் ஆகாது.

செவன்ஸைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் காலில் பந்து நிற்பதே அந்த ஆட்டத்தாலும் மணலாலும்தான். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை போனதும் இதே கரையிலிருந்துதான். ஆனால் செவன்ஸில் ஆஃப்சைட் கிடையாது, அதாவது பாஸ் போடும் நேரத்தில் எதிரணியின் கடைசி பேக்கைத் தாண்டிப் போய் நிற்கக் கூடாது என்ற விதி இல்லை. ஸ்டாப்பர் (நடுவில் நின்று தடுப்பவன்) தன் ஆளை மட்டும் பார்த்து ஓடிப் பழகுகிறான், பக்கத்து பேக் (தடுப்பாட்டக்காரன்) எங்கே நிற்கிறான் என்று பார்ப்பதில்லை. லெவன்ஸில் (அணிக்கு 11 பேர்) பேக் நால்வரில் ஒருவன் 3 மீட்டர் பின்தங்கினாலே எதிரணி ஃபார்வர்டுக்கு வழி திறந்துவிடும்.

வாங்கிய ஒவ்வொரு கோலையும் நோட்டில் எழுதுங்கள்: எத்தனையாவது நிமிடம், பந்து எங்கே பறிபோனது, கடைசி பாஸ் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பயிற்சியில் எதைத் திருத்துவது என்று அதுவே காட்டும்.

பேக் வரிசைக்குக் கயிறுதான் மருந்து. நால்வரின் இடுப்பையும் 8 மீட்டர் இடைவெளியில் இணைத்துக் கட்டுங்கள். பந்து போகும் பக்கம் நால்வரும் சேர்ந்து நகர வேண்டும். எதிரணி பின்னால் பாஸ் போட்டால் ஏற வேண்டும், தலை நிமிர்த்தி நீளமாக அடிக்க வந்தால் இறங்க வேண்டும். 15 நிமிடம், வாரம் 3 நாள், நடை வேகத்தில் மட்டும். கயிறோடு ஓடவிட்டால் ஒருவன் விழும்போது நால்வரும் விழுவார்கள். பழகியபின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, 6 பேரை எதிரே தாக்கவிடுங்கள். பேக்குக்கும் முன்னால் நிற்கிற ஃபார்வர்டுக்கும் 35 மீட்டருக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. வரிசை ஏறும்போது கோலியும் (கோல்கீப்பர்) பெனால்டி பாக்ஸ் விளிம்பு வரை ஏற வேண்டும். செவன்ஸ் கோலி கோட்டிலேயே ஒட்டி நிற்பான், இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

கடைசி 15 நிமிடத்தில் மூச்சு வாங்குவதைச் சரிசெய்ய: 4 நிமிடம் பேச முடியாத வேகத்தில் ஓட்டம், 3 நிமிடம் மெல்லோட்டம், இப்படி 4 முறை, வாரம் இரு நாள். மணல் ஓட்டம் மட்டும் போதாது. மணலில் முழு வேகம் வராது, அப்புறம் கெட்டித் தரையில் முழு வேகம் எடுக்கும்போது பின்தொடை பிடித்துக்கொள்ளும். செம்மண் தரைக்கு பூட்ஸின் அடியில் நீள ஸ்டட் (குமிழ்) வேண்டாம், குட்டை ரப்பர் ஸ்டட் போதும்.

ஆட்டத்துக்கு முந்தைய 48 மணி நேரம் செவன்ஸ் கூடாது. செவன்ஸில் கிடைக்கிற பணத்தில் ஃபீஸ் கட்டுகிற பிள்ளைகளும் உண்டு, அதனால் ஒரேயடியாகத் தடை போடாதீர்கள். அட்டவணையை முன்னதாகவே கொடுத்து, அந்த நாட்களை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கல்லூரிக்காக ஆடப் போன நாளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வந்ததாகக் கணக்கிடும் வருகை) போட மறுத்து, 75 சதவீத வருகை இல்லையென்று அந்தப் பையனிடமே அபராதம் வாங்குகிற துறைகள் இருக்கின்றன. கோப்பை வந்தால் மட்டும் போட்டோவுக்கு முதல் வரிசையில் நிற்பார்கள். கோச்சை மாற்றச் சொல்லி மனு எழுதும் நேரத்தில், ஓ.டி. கேட்டு முதல்வருக்கு ஒரு மனு எழுதுங்கள். பி.டி. சாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.