திருச்சியில் இறங்கி 3 நாள் தஞ்சாவூர் சுற்ற டிரைவரோடு கார் எடுத்தால் எவ்வளவு ஆகும்? ஏமாற்றிவிடுவார்களா?

வயதான அப்பா அம்மாவையும் சேர்த்து ஐந்து பேர், கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம், பெரிய கோயில், அரண்மனை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியின் கடைசி வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் எனக்குச் சுருக்கென்றது. இங்கே மலேசியாவில், பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம் ஊருக்குப் போய் வந்த குடும்பங்களில் பாதிப் பேர் வாயில் "டிரைவர் ஏமாத்திட்டான்" என்ற பேச்சுத்தான். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே ஏமாற்று எதுவும் நடந்திருக்காது. மினிமம் கிலோமீட்டர் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள், இவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் கணக்கு இதுதான். தமிழ்நாட்டில் வாடகைக் கார் இரண்டு விதமாக ஓடும். ஒன்று லோக்கல் பேக்கேஜ்: 8 மணி நேரம் 80 கிலோமீட்டர், அல்லது 10 மணி நேரம் 100 கிலோமீட்டர் என்று ஒரு தொகை. நேரமோ தூரமோ தாண்டினால் கூடுதல். இன்னொன்று வெளியூர் வாடகை: கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஆனால் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் ஓடியதாகவே கணக்கு. சிலர் 300 என்பார்கள். அதற்கு மேல் டிரைவர் பேட்டா (அவருடைய நாள்படி), டோல், பார்க்கிங் எல்லாம் தனி. இரவு 10 மணிக்கு மேல் ஓட்டினால் இன்னொரு பேட்டா. கிலோமீட்டரும் நீங்கள் ஏறிய இடத்திலிருந்து தொடங்காது, வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும் வரை ஓடும்.

உங்கள் பயணத்தை இதில் போட்டுப் பாருங்கள். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சுமார் 60 கிலோமீட்டர். முதல் நாள் ஊருக்குள் சுற்றியதையும் சேர்த்தால் 75. இரண்டாம் நாள் கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், சுவாமிமலை போய்த் திரும்ப ஏறக்குறைய 160. மூன்றாம் நாள் திருச்சிக்குத் திரும்ப 65. ஆக மொத்தம் 300. ஏழு பேர் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் (புரிவதற்காக ஒரு தொகை, விலை நாளுக்கு நாள் மாறும்) 5,400 ரூபாய் என்று நீங்கள் மனதில் போட்டிருப்பீர்கள். அவர் போடுவது 3 நாளுக்கு 750 கிலோமீட்டர், 13,500 ரூபாய். பேட்டா நாளுக்கு 500 சேர்த்தால் 15,000. டோல் வேறு. இந்த இடைவெளியில்தான் சண்டை வருகிறது. அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. உங்களுக்காக 3 நாள் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போது அவருக்கு வேறு சவாரி கிடையாது, வண்டிக் கடன் தவணையோ மாதாமாதம் நிற்காது.

அதனால் என் பதில்: திருச்சி விமான நிலையத்திலிருந்து ஒரே காரை 3 நாளுக்குப் பிடிக்காதீர்கள். திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு ஒன் வே டிராப் மட்டும் போடுங்கள். முதல் நாள் ஊருக்குள் ஆட்டோ போதும், பெரிய கோயிலுக்கும் அரண்மனைக்கும் இடையே சுமார் 2 கிலோமீட்டர்தான். ஐந்து பேருக்கு இரண்டு ஆட்டோ. இரண்டாம் நாளுக்கு மட்டும் தஞ்சாவூர்க் கார் ஒன்றை வெளியூர் வாடகையில் எடுங்கள். மூன்றாம் நாள் அதே ஆளிடம் விமான நிலைய டிராப் பேசிக்கொள்ளலாம். டிராப் இரண்டுக்கும் 2,500 வீதம் 5,000, ஆட்டோவுக்கு 1,000, நடு நாளுக்கு 250 கிலோமீட்டர் கணக்கில் 4,500, பேட்டா 500. மொத்தம் 11,000. மிச்சம் 4,000 ரூபாய். ஆனால் பணத்தைவிட முக்கியமான காரணம் வேறு: உள்ளூர் டிரைவர் இரவில் தன் வீட்டில் தூங்குவார்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வெளியூர் டிரைவருக்கு எங்கே படுக்கை என்று நம் ஆட்கள் கேட்பதே இல்லை. டிரைவர்களுக்கென்று தனி அறை வைத்திருக்கும் லாட்ஜுகள் உண்டு, எல்லா இடத்திலும் இல்லை. அறை இல்லாவிட்டால் அவர் வண்டியிலேயே சீட்டைச் சாய்த்து, கொசுக்கடியில் படுப்பார். மறுநாள் மதியம் 2 மணிக்கு, சாப்பாடு முடிந்து, நேரான சாலையில் அவருடைய கண் சொக்கும். ஆபத்து அங்கேதான். சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்து காலையில் உங்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி என்றால் இன்னும் மோசம். புக் செய்யும்போதே கேளுங்கள்: "அண்ணே, முந்தின ராத்திரி சவாரி இருக்கா?" இருந்தால் வேறு ஆள் பாருங்கள். விமானம் இரவில் இறங்கினால் அன்று திருச்சியிலேயே தங்கிவிடுங்கள், இருட்டில் தஞ்சாவூருக்கு ஓட வேண்டாம்.

"பெரியவர்களை வைத்துக்கொண்டு வண்டி மாற்றி மாற்றி ஏற முடியுமா" என்று யாராவது கருத்துப் பகுதியில் கேட்பார்கள். நியாயம்தான். நடக்கவே சிரமப்படும் ஆள் இருந்தால் ஒரே வண்டியாகவே எடுங்கள், அந்தச் செலவு வீண் இல்லை. ஆனால் கிலோமீட்டர் கணக்கே வேண்டாம், டோல், பார்க்கிங், பேட்டா அனைத்தும் சேர்த்து 3 நாளுக்கு மொத்தமாக ஒரு தொகை பேசி வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். நான் சொல்வது தஞ்சை வட்டாரத்துக்கு மட்டும். டெல்லி, ஆக்ரா பக்கத்துப் பேக்கேஜ்களோடு இதை ஒப்பிட வேண்டாம்.

வண்டி வகை. டிசையர் நம் பெஸ்ஸா அளவு, பின்னால் மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும், ஐந்து பேருக்கு ஆகவே ஆகாது. எர்டிகா நம் ஆல்சா மாதிரி. கடைசி வரிசை இரண்டு பாதியாக மடங்கும், ஒரு பாதியை மடக்கிப் பெட்டிகளை வைத்து மறு பாதியில் ஒருவர் உட்காரலாம். சிஎன்ஜி, அதாவது எரிவாயுவில் ஓடும் வண்டியா என்று கேட்க மறக்காதீர்கள். சிஎன்ஜி என்றால் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்திருக்கும், பெட்டிக்கு இடம் இருக்காது, மேலே கேரியரில் கட்டுவார்கள், மழை வந்தால் தார்ப்பாய் தேட வேண்டும். இன்னோவா சொகுசுதான், ஆனால் ஏறும் படி உயரம். முட்டி வலிக்காரர்களுக்கு எர்டிகாவே மேல்.

வண்டி வந்ததும் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து, அவர்கள் டி போர்டு என்பார்கள். வெள்ளைப் பிளேட் சொந்த உபயோக வண்டி. வாடகைக்கு ஓட்ட அதற்கு அனுமதி கிடையாது, விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். விலை குறைவு என்று அதில் ஏறாதீர்கள். அடுத்து பின் சீட்டு பெல்ட். சீட் கவர் போட்ட வண்டிகளில் பெல்ட்டைச் செருகும் கொக்கி கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். பட்டையை இழுத்தால் வரும், மாட்ட இடம் இருக்காது. கிளம்பும் காலையில் கேட்டால் "பின்னாடி யாரும் போட மாட்டாங்க சார்" என்பார். முந்தின நாளே சொல்லிவிட்டால் கவரைத் தூக்கிக் கொக்கியை வெளியே எடுத்துவைப்பார். முதல் நாளும் கடைசி நாளும் கிலோமீட்டர் காட்டும் மீட்டரை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், டிரைவர் முன்னாலேயே எடுக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

டோல் கட்டணம் வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக்கில் தானாகக் கழியும், நம் டச் அண்ட் கோ அட்டை போல. திருச்சி தஞ்சாவூர் சாலையில் வாழவந்தான்கோட்டையில் ஒரு டோல் இருக்கிறது. கழிந்த தொகை பாஸ்டேக்கில் பதிந்த போனுக்கு மெசேஜாக வரும், அதைப் பார்த்துக் கொடுத்தால் போதும். பணம் ரொக்கமாக வைத்திருங்கள், 100, 200 ரூபாய்த் தாள்கள் நிறைய. சின்னக் கடைகளில் எல்லாம் க்யூஆர் ஸ்கேன்தான், நம் கார்டு செல்லாது. வீட்டு அலமாரியில் போன தடவை மிஞ்சிய 2,000 ரூபாய்த் தாள் இருந்தால் அதை நம்பிப் போகாதீர்கள், 2023-இல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

நேரம். பெரிய கோயிலுக்குக் காலை 7 மணிக்குள் போய்விடுங்கள். பகல் 12.30 வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். நடை சாத்துவதைவிடப் பெரிய பிரச்சினை தரை. பிராகாரம் ஏறக்குறைய 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம், 10 மணிக்கு மேல் வெறுங்காலில் அம்மாவால் நடக்க முடியாது. ஆளுக்கு ஒரு ஜோடி கெட்டிக் காலுறை எடுத்துப் போங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. பிரதோஷ நாளில் மாலை 4.30-லிருந்து 6 வரை நந்தி அபிஷேகக் கூட்டம் நெருக்கும். அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் 3.30-க்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயில், 216 அடி விமானம் என்பதை எல்லா வழிகாட்டியும் சொல்வார். நம் நாட்டுக்காரர்கள் கேட்க வேண்டியது வேறு: ராஜேந்திரனுடைய கல்வெட்டு எங்கே? 1025-ஐ ஒட்டிய அவனது கடற்படையெடுப்பில் வென்ற ஊர்களின் பட்டியல் அதில் இருக்கிறது. கடாரம் அதில் ஒன்று, நம் கெடா. இலங்காசோகமும் (லங்காசுகா) இருக்கிறது. கையோடு கூட்டிப் போய்க் காட்டத் தெரிந்த வழிகாட்டி கிடைத்தால் கேட்ட பணம் கொடுக்கலாம்.

இதை எழுதும்போது வருகிற ஆற்றாமையையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். கடாரத்தின் பெயரைப் பார்க்கக் கடல் கடந்து போகிறோம். கடாரமோ பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் புக்கிட் பத்து பஹாட் சண்டியும் இருக்கின்றன (பழங்காலக் கோயிலை இங்கே சண்டி என்பார்கள்). பினாங்கில் பிறந்து வளர்ந்த எத்தனை தமிழ்ப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருக்கிறோம்? 2013-இல் அந்த வட்டாரத்துச் சண்டி ஒன்றை நிலமேம்பாட்டு வேலையில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இடித்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. அடிக்கடி ஆட்கள் போய்வரும் இடத்தை இப்படிச் சத்தமில்லாமல் இடிக்க முடியாது. தஞ்சாவூருக்குக் கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை மெர்போக்குக்குக் கூட்டிப் போங்கள்.

இரண்டாம் நாளில் வரிசை முக்கியம். எல்லாரும் பக்கத்தில் இருக்கிறதென்று தாராசுரத்தை முதலில் போட்டு, கங்கைகொண்ட சோழபுரம் போய்ச் சேரும்போது நடை சாத்தியிருக்கும். 4 மணி வரை உட்கார நல்ல இடமும் அங்கே கிடையாது. மாற்றிப் போடுங்கள். காலை 6 மணிக்குத் தஞ்சாவூரை விட்டால் 8 மணி வாக்கில் கங்கைகொண்ட சோழபுரம். சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பம் வடக்குப் படிக்கட்டுப் பக்கம் இருக்கிறது, அதைப் பார்க்காமல் வராதீர்கள். 10 மணிக்குக் கிளம்பினால் 11 மணியை ஒட்டி தாராசுரம். அது அளவில் சின்னக் கோயில், ஆனால் ஒவ்வொரு தூணையும் நின்று பார்க்க வேண்டும். நடை சாத்தினாலும் வெளிச் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிறகு கும்பகோணத்தில் சாப்பாடு.

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் போவதாக இருந்தால் இரண்டு விஷயம். நவம்பர், டிசம்பர் அங்கே வடகிழக்குப் பருவமழை, தாராசுரத்தின் முன்பக்கம் தாழ்வு என்பதால் தண்ணீர் தேங்கும். அதோடு கார்த்திகையிலிருந்து தைப் பிறப்பு வரை வேன்களும் பெரிய வண்டிகளும் சபரிமலைக்குப் போய்விடும். இருக்கிற வண்டிக்கு விலை ஏறும், டிரைவர்கள் தூக்கமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒரு மாதம் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

கடைகளுக்குக் கூட்டிப் போனால் டிரைவருக்குக் கமிஷன் உண்டு. அதை மறைக்கவும் மாட்டார்கள். வேண்டாமென்றால் ஏறும்போதே "கடைக்கு நாங்க சொன்னா மட்டும் போவோம்ணே" என்று சொல்லிவிடுங்கள், அதோடு முடிந்தது. தஞ்சாவூர் ஓவியம் வாங்கினால் கண்ணாடி இல்லாமல் கட்டச் சொல்லுங்கள், கண்ணாடியை இங்கே போட்டுக்கொள்ளலாம். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வாங்கினால், புதிதாக வார்த்தது என்று எழுதிய பில் கட்டாயம் வேண்டும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலைகளை வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை, புதுச் சிலையையும் பழையதோ என்று விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். அந்தப் பில்லைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். சுங்கத்தில் கேட்கிற நேரத்தில் பெட்டி உங்கள் கையில் இருக்காது.