வாழைப்பழம் இருக்கட்டும், கொசுவத்தியை அணையுங்கள்

ஆஸ்துமா பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியவைதான். புகை, தூசி, ஓதம் பற்றிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. இந்தக் கவலை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மூச்சுக்குழாய்க்குள் நேராகப் போவது காற்றுதான்.

என் 7 வயது மகனுக்கு வீசிங் இருக்கிறது. வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். அப்படியும் ராத்திரி இருமுகிறான். இன்னும் எதை நிறுத்த வேண்டும் டாக்டர்? (வாசகி, தஞ்சாவூர்)

நிறுத்தியதையெல்லாம் திரும்பக் கொடுங்கள் அம்மா. பழமும் தயிரும் ஆஸ்துமாவைக் கிளப்புவதில்லை. ஏதாவது ஓர் உணவுக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் உண்டு. ஆனால் அவர்களுக்கு, சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று வேறு அறிகுறிகளும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அப்படி எதுவும் இல்லாத பிள்ளைக்குப் பழத்தை மறுப்பதால் சத்துதான் குறையும்.

நிறுத்த வேண்டியது அவன் படுக்கும் அறையில் இருக்கலாம். கொசுவத்திச் சுருள் கொளுத்துகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கதவைச் சாத்திய அறையில், பிள்ளையின் தலைமாட்டில் அது விடிய விடியப் புகைகிறது. ஜன்னலுக்கு வலை அடியுங்கள், கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால், மொட்டை மாடிக்குப் போய்ப் பிடித்தாலும் புகை சட்டையில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். அவர் விட்டுவிடுவதுதான் வழி.

இன்னொன்று: ராத்திரி இருமல் தொடர்ந்து வந்தால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். மருந்தின் அளவையும், இன்ஹேலரை அவன் சரியாக இழுக்கிறானா என்பதையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

தினமும் வீட்டைப் பெருக்குகிறேன். பெருக்கும்போதுதான் எனக்கு மூச்சு வாங்குகிறது. (வாசகி, நாகர்கோவில்)

துடைப்பம் தூசியைக் கிளப்பிவிடுகிறது, அது வெகுநேரம் காற்றில் மிதக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். முடிந்தால் வேறு யாராவது பெருக்கட்டும்; நீங்கள் அரை மணி நேரம் கழித்து உள்ளே வாருங்கள்.

உங்கள் பகுதி போன்ற ஈரக்காற்று ஊர்களில் தூசிப்பூச்சி செழித்து வளரும். கண்ணுக்குத் தெரியாத இந்த உயிரி, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று வாழ்கிறது. அது நம்மைக் கடிப்பதில்லை; அதன் எச்சம்தான் ஒவ்வாமை தருவது. பழைய இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் அதற்கு நல்ல குடியிருப்பு. படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டு நீரில் துவையுங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் முழுவதுமாக மூடும் ஜிப் உறை போடுங்கள். வெயிலில் காயப்போட்டால் ஈரம் போகும், நல்லதுதான். ஆனால் மெத்தையைத் தட்டும் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சை கறுத்திருந்தால் மேலே பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று பார்த்து அதை அடைத்தால்தான் பூஞ்சை நிற்கும். கரப்பான்பூச்சியின் எச்சமும் ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதால் ராத்திரி சமையல் மேடையில் எச்சில் பாத்திரம் கிடக்க வேண்டாம்.

குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணி போடலாமா? (வாசகி, காரைக்குடி)

ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு வேண்டாம். துண்டால் நன்றாகத் துவட்டினால் போதும். ஊதுபத்தியும் அப்படித்தான், சாமிக்கு விளக்கும் பூவும் போதும்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். தூதுவளை, ஆடாதோடை சாப்பிட்டு அதை நிறுத்திவிடலாமா? (வாசகர், விருதுநகர்)

இன்ஹேலருக்கு யாரும் அடிமையாவதில்லை. நிறுத்தினால் இழைப்பு திரும்பி வருவதற்குக் காரணம் நோய் உள்ளே இருப்பதுதான். இன்ஹேலரில் உள்ள, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு என்ற சொல்லே பலரைப் பயமுறுத்துகிறது. உறிஞ்சும் மருந்தில் அது மைக்ரோகிராம் கணக்கு. நாளைக்கு 200 மைக்ரோகிராம் என்பது சாதாரண அளவு. மாத்திரையாகப் போட்டால் ஒரு சின்ன மாத்திரையிலேயே 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம். உறிஞ்சியதும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், வாய்ப்புண் வராது.

ஆடாதோடையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே உருவானது. ஆனால் சளியை இளக்குவது வேறு, மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிப்பது வேறு. அந்த இரண்டாவது வேலைக்குத்தான் இந்த ஸ்டீராய்டு இன்ஹேலர். ஐதராபாத்தில் ஜூன் மாதம் விரால் குஞ்சோடு விழுங்கவைக்கும் மருந்தைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். அது ஆஸ்துமாவைக் குணமாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை. அதை நம்பி இன்ஹேலரை விடுபவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

அப்படியானால் சாப்பாட்டில் செய்ய ஒன்றுமே இல்லையா? (வாசகர், சென்னை)

இருக்கிறது. உடம்பு பருமனாக இருந்தால் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே மூச்சு இலகுவாகும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிட வேண்டும். உலர்பழம், ஒயின் போன்றவை கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட் என்ற பொருள் சிலருக்கு இழைப்பைக் கிளப்பும்; பாக்கெட்டைப் படியுங்கள். காயும் பழமும் தாராளமாகச் சாப்பிடுங்கள். மிளகாய் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த நெடி ஆகாது.

இழைப்பு வந்தால் அப்பாவுக்குக் கடுங்காபி கொடுக்கிறோம். சரியா? (வாசகி, திண்டுக்கல்)

காபியிலுள்ள காஃபீன் மூச்சுக்குழாயைக் கொஞ்சம் தளர்த்தும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அளவு இழைப்பை அடக்கப் போதாது. காபி போடும் நேரத்தில், மூச்சுக்குழாயை உடனே தளர்த்த மருத்துவர் எழுதிக் கொடுத்த நிவாரண இன்ஹேலரைக் கொடுங்கள். அப்பாவை நிமிர்ந்து உட்காரவையுங்கள்; ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வைத்து ஒவ்வொரு பஃப்பாக, நான்கு பஃப். 20 நிமிடத்தில் குறையவில்லை என்றால் மறுபடி கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, தூக்கக் கலக்கம் போல மயங்குகிறார் என்றால் அந்த 20 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே 108ஐ அழையுங்கள்.